பஸ்ஸில் கதைத்தவர்கள்

அண்ணைக்கு வலிப்பு வருவது எனக்குப் பழகிவிட்டிருந்தது. அதற்குப் பின்னால் வருவதுதான் பழகவில்லை. அடுத்தடுத்து வலிப்பு வந்தால், பிறகு ஒரு நாள் தெளிவாக இருப்பார். மறுநாள் சுவருக்குள் ஆட்கள் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். புலம்பெயர்ந்து வந்த எங்கள் நோர்பரி வீட்டில் ஃப்ரிட்ஜின் வயரைப் பிடுங்கியதும், நான் சோற்றில் எதையோ கலப்பதாகச் சொல்லி கடையில் வாங்கிய பாண் துண்டுகளை மட்டும் தின்றதும் அப்படியான நாட்களில்தான். ஒரு கிழமையில் எல்லாம் அடங்கும். அவருக்கு வெட்கம் மட்டும் மிஞ்சும்.

மாத்திரைகளுக்கு வலிப்பு அடங்காததால், மூளையில் அது தொடங்கும் இடத்தை வெட்டி எடுக்கலாம் என்றார்கள் மருத்துவர்கள். வலிப்பு நின்றால் குரல்களும் பெரும்பாலும் நின்றுவிடும் என்றார் மனநல மருத்துவர். சிலருக்குச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு குரல்கள் புதிதாக வருவதும் உண்டு என்றார். அண்ணை முதல் பாதியைக் கேட்டுச் சம்மதித்தார். என் காதில் இரண்டாம் பாதியே நின்றது.

சத்திரசிகிச்சை முடிந்தது. வலிப்பு நின்றது. என் பதற்றம் நிற்கவில்லை. அவர் குளிக்கும்போது கதவில் காது வைத்தேன். போனில் கதைத்தால், மறுபக்கம் உண்மையில் ஆள் இருக்கிறதா என்று கவனித்தேன்.

ஒரு பின்னேரம் வெளியே போய்வந்த அண்ணை, ஜாக்கெட்டைக் கழற்றாமலே சொன்னார்.

"பஸ்ஸில ரெண்டு பேர் என்னைப் பற்றிக் கதைச்சவை."

குரல்கள் திரும்பிவிட்டன என்றே நினைத்தேன். தலையில் என்ன வெட்டோ, பாவம் என்று தமிழில் கதைத்தார்களாம். அவர் மேலே போனதும் மருத்துவமனைத் தாதிக்குப் போன் எடுத்தேன். திங்கட்கிழமை கூட்டிவரச் சொன்னார்.

சனிக்கிழமை தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பார்த்துக்கொண்டு நின்றபோது, எங்கள் தெரு அக்கா ஒருவர் பக்கத்தில் வந்தார்.

"உங்கட அண்ணையை பஸ்ஸில கண்டனாங்கள். தலையில அவ்வளவு பெரிய தழும்பு. பாவமெண்டு நானும் தங்கச்சியும் கதைச்சனாங்கள். என்ன நடந்தது?"

வாங்க வந்ததை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அக்கா சொன்னதை அண்ணையிடம் சொன்னேன்; கேட்டுச் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"நான் சொன்னதுதானே," என்றார். பிறகு, "இனி நான் எதைக் கேட்டாலும் உனக்கு ஒரு சாட்சி வேணுமோ?" என்றார்.

திங்கட்கிழமை போனோம். ஒன்றும் இல்லை என்றார்கள். இன்றுவரை வலிப்பும் இல்லை, குரல்களும் இல்லை. அண்ணை வேலைக்கும் போகிறார்.

நேற்று, பக்கத்து வீட்டில் பிள்ளை அழுகிறது என்றார். அவர் சொல்லி முடிக்குமுன்பே, "ஓம், எனக்கும் கேக்குது," என்றேன். அதன் பிறகுதான் காது கொடுத்துக் கேட்டேன். பிள்ளை அழுதுகொண்டுதான் இருந்தது.