இருபது மந்திரத்தில் வேகும் முட்டை

சில்வெஸ்டர் கைக்கடிகாரம் கட்டியதே இல்லை. கட்டவேண்டிய அவசியம் வந்ததில்லை. ஈப்போ பழைய டவுனில் அவர் நடத்தும் கோப்பிக் கடையில் அரைவேக்காட்டு முட்டை கேட்டால், குவளையில் கொதிநீரை ஊற்றி, இரண்டு முட்டையை உள்ளே விட்டு, மூடியைப் போட்டு, மனசுக்குள் மாதாவின் அருள்நிறை மந்திரத்தை ஆரம்பிப்பார். இருபது முறை சொல்லி முடித்ததும் மூடி திறக்கும். வெள்ளை தளதளவென்று நடுங்கும், மஞ்சள் ஓடும். மேலே கொஞ்சம் சோயா கிச்சாப், கொஞ்சம் மிளகுத்தூள். சொர்க்கத்தில் பசியாறல் உண்டென்றால் இதுதான் கொடுப்பார்கள்.

மந்திரக் கணக்கு அம்மா கொடுத்தது. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடிப்பதற்குள் கஞ்சியை இறக்கியாக வேண்டும். லயத்து வீட்டில் கடிகாரம் கிடையாது, மாதா படம் இருந்தது. எஸ்டேட் போய் அங்கே மாடிவீடுகள் வந்துவிட்டன. சில்வெஸ்டருக்கு மட்டும் நேரம் என்றால் இன்னும் மந்திரம்தான். சோறு வேக இத்தனை, சிவப்பு விளக்கு மாற இத்தனை, பல் பிடுங்க இத்தனை. பல் டாக்டரிடம் எண்ணிக்கை எப்போதும் கூடிப்போகும். அதற்கு மாதா பொறுப்பில்லை என்பார்.

ஊரில் மற்றவர்கள் நேரம் பார்க்கும் அழகே தனி. "அஞ்சு நிமிஷத்துல வாரேன்லா" என்று போனில் சொல்கிறவர் அப்போதுதான் குளிக்கத் துண்டைத் தேடிக்கொண்டிருப்பார். அதே ஆள் கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டால், "முட்டை என்னாச்சு?" என்று மேசையைத் தட்டுவார். தான் காக்க வைத்தால் அஞ்சு நிமிடம், தன்னைக் காக்க வைத்தால் அரை நாள். இந்தக் கூத்துக்கு நடுவில் சில்வெஸ்டரின் முட்டை ஒன்றுதான் பிசகாமல் இருந்தது.

பெட்ரீசியா வந்தார், அதுவும் பிசகியது.

பெட்ரீசியா டயாலிசிஸ் மையத்தில் தாதி, ஊர் வழக்கில் மிஸி. கணவர் இறந்து பல வருடமாகிறது. மகள் ட்ரேசி காம்பார் ஊரில் தங்கிப் படிக்கிறாள். சில்வெஸ்டருக்கு நாற்பத்தெட்டு வயது. கல்யாணப் பேச்சு வந்த காலத்தில் அம்மா படுக்கையில் கிடந்தார். அம்மா போன பிறகு அந்தப் பேச்சை எடுக்க ஆளில்லை.

முதல் நாள் பெட்ரீசியா சிரித்தபடி உள்ளே வந்தபோது சில்வெஸ்டர் ஏழாவது மந்திரத்தில் இருந்தார். சுயநினைவு வந்தபோது ஏழா, பதினேழா என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த முட்டையைச் சுவரில் அடித்திருந்தால் சுவருக்குத்தான் சேதம். பெட்ரீசியா அதை உரித்துச் சாப்பிட்டார். மறுநாள் சில்வெஸ்டர் பயந்துபோய்ச் சீக்கிரம் எடுத்தார், பச்சைத் தண்ணீர். அதையும் பெட்ரீசியா குடித்துவிட்டுப் போனார். இப்படியே மூன்று மாதம் ஓடியது.

இதை முதலில் கண்டுபிடித்தவர் பழனியப்பன். லாரி ஓட்டி ஓய்வு பெற்று, இப்போது கடையின் மூலை மேசையை ஓட்டிக்கொண்டிருப்பவர்.

"தம்பி, மிஸி வர்றதுக்கு முந்தி வந்தா முட்டை. வந்தப்புறம் வந்தா கல்லு. அது வந்தா உனக்கு நேரம் ஓடமாட்டேங்குதா, இல்ல ரொம்ப ஓடுதா?"

"ரெண்டும்தான்ணே," என்றார் சில்வெஸ்டர். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "உக்காந்திருக்கிறப்ப கண் மூடித் தொறக்குறதுக்குள்ள எந்திரிச்சிடுறாங்க. போனப்புறம் மறுநாள் காலை வரைக்கும் நாப்பது நாள் தவக்காலம்ணே."

போன வெள்ளிக்கிழமை பெட்ரீசியா கோப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னார். "லூமுட்ல புது சென்டர் தொறக்குறாங்க. என்னைப் போகச் சொல்றாங்க. வேணாம்னா நாளைக்குள்ள சொல்லிடணும். என்ன செய்யிறதுன்னு தெரியல."

சில்வெஸ்டர் கையிலிருந்த கெண்டியைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார்.

"நல்ல ஊரு மிஸி. மீனு ஃப்ரெஷ்ஷா கிடைக்கும்."

பெட்ரீசியா கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். பழனியப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

"மடையா! அது உன்கிட்ட மீனா கேட்டுச்சு? யோசிச்சுப் பாரு. இந்தக் கடையில என்னை அண்ணேங்குது, ரொட்டி வாட்டுற ஆளு சீனிய அண்ணேங்குது. உன்னை என்னிக்காச்சும் அண்ணேன்னுச்சா?"

சில்வெஸ்டர் யோசித்தார். ஒரு தடவைகூட இல்லை. மீதிப் பொழுதெல்லாம் கோப்பி கேட்டவருக்குத் தேத்தண்ணீரும் தேத்தண்ணீர் கேட்டவருக்குச் சிரிப்பும் கொடுத்தார்.

மறுநாள் சனிக்கிழமை. பெட்ரீசியாவுக்கு விடுமுறை, ஆனாலும் வந்தார். சில்வெஸ்டர் கெண்டியும் கையுமாக எதிரில் போய் நின்றார்.

"மிஸி, போகாதீங்க."

"ஏன்?"

"முட்டை…"

"முட்டையா?"

"மந்திரம் சொல்லித்தான் முட்டைய எடுப்பேன் மிஸி. இருபது. நீங்க வந்தா எண்ணிக்கை நிக்கமாட்டேங்குது. லூமுட்டுக்குப் போனீங்கன்னா முட்டை சரியா வந்துரும். எனக்கு அது வேணாம். என்னைக் கட்டிக்கிறீங்களா?"

சீனி ரொட்டியைக் கருக விட்டுவிட்டார்.

"மாதாவைப் பாதியில விட்டுட்டு என்னைப் பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

"ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன் மிஸி."

"ஃபாதர் என்ன சொன்னாரு?"

"ஒரு நாளைக்கு முட்டை சாப்பிட வாரேன்னாரு."

பெட்ரீசியா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். பையை மேசையில் வைத்துவிட்டு நேராக அடுப்படிக்கு வந்தார்.

"நகருங்க. இன்னிக்கு நான் போடுறேன். நாடி எண்ணி எண்ணியே பழகின ஆளு நானு, என் கணக்கு தப்பாது. இருபது முடியட்டும், பதில் சொல்றேன்."

முட்டைகள் உள்ளே போயின, மூடி விழுந்தது. பெட்ரீசியாவின் உதடு அசையத் தொடங்கியது. சில்வெஸ்டருக்கு அந்தக் குவளைக்குள் தன்னையே போட்டு மூடியது மாதிரி இருந்தது. பல் டாக்டர் நாற்காலியெல்லாம் இதற்கு முன்னால் ஊஞ்சல். பெட்ரீசியாவின் பார்வை மூடியில் இருந்தது, பிறகு கெண்டி பிடித்த அவர் கைக்குப் போனது, பிறகு முகத்துக்கு ஏறியது. உதடு நின்றது. மறுபடி அசைந்தது. மறுபடி நின்றது. பழனியப்பனின் தேத்தண்ணீரில் ஆடை கட்டிவிட்டது.

"ஆச்சு," என்று ஒருவழியாக மூடியைத் திறந்து, பீரிஸ் தட்டில் முட்டையை உடைத்தார் பெட்ரீசியா.

ஓடவில்லை. பீரிசில் டொக்கென்று விழுந்து உருண்டது.

பெட்ரீசியா அதையே பார்த்தார். முகம் சிவந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"எத்தனை மந்திரம் மிஸி?" என்று கேட்டார் சில்வெஸ்டர்.

"தெரியல. எங்க விட்டேன்னே தெரியல."

பழனியப்பன் துள்ளி எழுந்தார். "பதில் வந்துருச்சுலா! சீனி, இனிமே எனக்கு நீ போடு முட்டைய. இதுங்க ரெண்டையும் நம்பினா பல்லு போயிரும்!"

சில்வெஸ்டர் சிரித்தாரா அழுதாரா என்று அவருக்கே தெரியாது. அந்தக் கல் முட்டையைக் கத்தியால் இரண்டாக வெட்டி, பாதியை பெட்ரீசியா முன் வைத்தார். பெட்ரீசியா போனை எடுத்து, லூமுட்டுக்கு வரவில்லை என்று மேலாளரிடம் சொன்னார். போனை வைத்ததும் அது அடித்தது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த ட்ரேசி.

"இங்கதான்மா, பசியாறிக்கிட்டு இருக்கேன். அஞ்சு நிமிஷத்துல வாரேன்."

அவர் வீடு போய்ச் சேர்ந்தபோது ட்ரேசி மத்தியானச் சோற்றைச் சாப்பிட்டு முடித்திருந்தாள்.