ரவை பரப்பிய சாலை

நெடுஞ்சாலைத் துறையில் ஓய்வு பெற்ற நான், வீட்டில் அமைத்த பொம்மை ரயில்பாதையை ஒட்டி, விதிப்படி ஒரு தஞ்சாவூர்ச் சாலை போட்டேன். உப்புத்தாள், சாம்பல் வண்ணம், நடுக்கோடு, ஓரமாக ஒரு பொம்மைப் பேருந்து எல்லாம் சரி, உயிர்தான் இல்லை. மறுநாள் பொம்மை ரயில் கண்காட்சி. பிய்த்தெறியப் போனேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ரிட்டயர் ஆகியும் ரோட்டுல நெல்லு காயப்போட விடமாட்டீங்களா?" என்றபடி, மஞ்சள்தூள் கலந்த ரவையைப் பாதிச் சாலையில் பரப்பினாள்.

"அது விதிமீறல்" என்றேன்.

"அப்ப என்னைப் புடிச்சு உள்ள போடுங்க."

குனிந்து, கண்ணைச் சாலை மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். அறுவடைக் காலத்து எங்கள் ஊர்ச் சாலை அப்படியே வெயிலில் கிடந்தது. நெல்லின்மேல் நின்ற பேருந்தை என் கை தானாகவே எடுத்து மறுபக்கம் வைத்தது. எத்தனையோ உத்தரவுகளில் கையெழுத்துப் போட்ட கை, அன்று எந்த உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை.