ஒண்ணும் இல்ல என்று சொன்னவள்

எங்கள் அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பூஜ்யம் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்குக் கேலி மாதிரித் தோன்றும். உண்மையில் மனம் குளிர்ந்துபோய் வைத்த பட்டம் அது.

மருந்து கம்பெனியின் தகவல் பிரிவு எங்களுடையது. ஆய்வுக்கூடத்தில் ஒருவர் புது மூலக்கூறு ஒன்றைச் செய்துவிட்டால், அதை உலகத்தில் வேறு யாராவது முன்பே செய்திருக்கிறார்களா என்று வேதியியல் தரவுத்தளங்களில் தேடிச் சொல்ல வேண்டும். ஒன்று கிடைத்தால் போச்சு, வருடக்கணக்கான உழைப்பு குப்பைக்கு. பூஜ்யம் என்று வந்தால் காப்புரிமைக்கு ஓடலாம். அதனால் பெரிய பெரிய விஞ்ஞானிகள் எல்லாம் பரீட்சை முடிவுக்கு வந்த பிள்ளைகள் போல அவள் மேசை முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். "ஒண்ணும் இல்ல சார், போங்க" என்பாள். ஆள் துள்ளிக் குதித்துக்கொண்டு போவார். பக்கத்து மேசையில் இருந்த எனக்கு அந்தச் சிரிப்பில் பாதிகூடக் கிடைத்ததில்லை. நான் ஐந்து நிமிடத்தில் தேடி முடிப்பவள்.

அவள் லேசில் விடமாட்டாள். ஒரே பொருளுக்கு ஊருக்கு ஒரு பெயர், கம்பெனிக்கு ஒரு பெயர் இருக்கும். பெயரை நம்பித் தேடினால் பாதி தப்பிவிடும். அவள் அமைப்பைப் படமாக வரைவாள், வளையம் வளையமாக. தரவுத்தளத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிவு எண் உண்டு; அதையே உப்பாக்கி விற்றால் அந்த எண் வேறு என்பதால் அதையும் தேடுவாள். "போதும்டி, தாலி கட்டவா போற, இவ்வளவு விசாரிக்கிற?" என்பேன். காதில் வாங்கமாட்டாள்.

அவளுடைய அக்கா புருஷன் சாயத் தொழிற்சாலையில் பொடி கலக்கும் பிரிவில் இருந்தார். மாமா மாமா என்று அவள் உயிரை விடுவாள். அப்பா இல்லாத வீட்டில் இவளைப் படிக்க வைத்தவர் அவர்தான். அவருக்கு இருமல் பிடித்தது. முதலில் சளி என்றார்கள், பிறகு ஒவ்வாமை என்றார்கள். கடைசியில் நெஞ்சு மருத்துவர் ஒருவர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அந்தப் பொடிப் பக்கமே போகாதீங்க" என்றார். சொல்வது சுலபம். தொழிற்சாலையில் போய் வேறு பிரிவு கேட்டதற்கு மேலாளர், "டாக்டர் சொன்னா போதாது, பொடியாலதான்னு யாராவது ஆராய்ச்சி பண்ணி எழுதியிருந்தா காட்டுங்க, மாத்திடுறேன். இல்லேன்னா ஆளாளுக்கு இருமிக்கிட்டு வந்து நிப்பாங்க" என்றாராம்.

அவர் காலி மூட்டையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து எடுத்துவந்து இவளிடம் கொடுத்தார். அதில் வியாபாரப் பெயரும் ஏதோ ஒரு குறியீடும் மட்டும். "உனக்கு இது ஜுஜுபி" என்றாராம். எங்கோ ஒருவன் எழுதிய ஒரே ஒரு கட்டுரை கிடைத்தால் போதும், மனிதர் அந்தப் பிரிவை விட்டு வெளியே வந்துவிடுவார். அப்படித்தான் நாங்கள் நினைத்தோம்.

பெயரிலிருந்து பொருளைப் பிடித்தாள், பொருளிலிருந்து பதிவு எண்ணை. அந்த எண்ணைப் போட்டதும் கட்டுரைகள் கொட்டின. "மாட்டிச்சுடி!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொன்றாகத் திறந்தாள். எப்படித் தயாரிப்பது, எந்தத் துணியில் நன்றாகப் பிடிக்கும், வெயிலில் வெளுக்குமா, சோப்புக்குத் தாங்குமா. துணிக்கு என்ன ஆகும் என்று உலகமே உட்கார்ந்து யோசித்திருக்கிறது. மனிதன் மூச்சில் போனால் என்ன ஆகும் என்று ஒருவன்கூடக் கேட்கவில்லை. நுரையீரல், தூசி, தொழிலாளி என்று எந்தச் சொல்லைச் சேர்த்துத் தேடினாலும் பூஜ்யம்.

ஒரு வளையம் மட்டும் மாறிய இன்னொரு சாயத்தைப் பற்றி, அது எலிகளின் நுரையீரலைக் கெடுத்ததாக ஒரு கட்டுரை கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு என்னோடு தொழிற்சாலை மேலாளரிடம் போனாள். "பக்கத்து வீட்டுக்காரன் திருடினா உங்களைப் பிடிச்சு உள்ள போடலாமாம்மா?" என்றார் அவர். வெளியே வந்து, "நாசமாப் போறவன் நியாயமா வேற பேசுறான்டி" என்று அழுதாள்.

அதற்குப் பிறகும் பல வாரம் தேடினாள். அவளால் முடியாதென்றால் யாராலும் முடியாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஒரு சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். மாமா சுவரில் தலையணை சாய்த்து உட்கார்ந்திருந்தார். அக்கா கையில் துவைத்த துணியோடு ஓடிவந்து, "என்னடி ஆச்சு?" என்றாள்.

"எல்லா இடத்துலயும் பாத்துட்டேன்க்கா. ஒண்ணும் இல்ல."

அக்கா அப்படியே துணியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பாடா! ஒண்ணும் இல்லையா! நான்தான் சொன்னேனே, இந்த டாக்டருங்க சும்மா பயமுறுத்துறாங்கன்னு." கண்ணெல்லாம் தண்ணீர். அலுவலகத்தில் ஆயிரம் தடவை சொன்ன அதே வாக்கியம்தான், அதே சந்தோஷம்தான். இவள் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, அப்படி இல்லக்கா. கெடுதல் இல்லேன்னு அர்த்தம் இல்ல. யாருமே பாக்கல, அதான்..."

"சும்மா இருடி. நல்லதைச் சொல்லிட்டு எதுக்கு இழுக்கிற?"

மாமா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். எங்களை வழியனுப்பத் தெருமுனைவரை வந்தார். "எனக்குப் புரிஞ்சுது. அவகிட்ட மறுபடி விளக்கிட்டு இருக்காதே. எப்படியும் நாளைக்கு நான் ஷிஃப்ட்டுக்குப் போகணும். அவளாவது தூங்கட்டும்" என்றார். போனார். போய்க்கொண்டே இருந்தார், மூச்சு விட்டவரைக்கும். அவர் இறந்தபோது அக்கா இவளிடம், "ஒண்ணும் இல்லேன்னு நீதானடி சொன்ன?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அதன் பிறகு அக்கா அவளோடு பேசவில்லை. யார் எவ்வளவு சண்டை போட்டாலும் அவள் மேல் பிழை இல்லை என்று நான் சொல்வேன். யார் கேட்டார்கள்?

அந்தப் பதிவு எண்ணுக்குப் புதிதாக ஏதாவது சேர்ந்தால் தானாகத் தகவல் வரும்படி அவள் தேடலைப் போட்டு வைத்திருந்தாள். மறந்தே போயிருந்தோம். வெகுநாள் கழித்து ஒரு காலையில் வந்தது: அந்தப் பொடியால் நுரையீரல் இறுகிப் போவதாக, உலகத்திலேயே முதல் கட்டுரை. எழுதியவர் மாமாவைப் பார்த்த அதே நெஞ்சு மருத்துவர். நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன். ஒரே ஒரு நோயாளியை வைத்து எழுதியிருந்தார். பெயர் இல்லை. ஆண், பொடி கலக்கும் பிரிவில் இருந்தவர், புகைப்பழக்கம் இல்லாதவர், சிகிச்சை பலனின்றி இறந்தார் என்றிருந்தது. அவள் விரலை வரியின் மேல் வைத்து மெதுவாகப் படித்தாள்.

"மாமாடி இது" என்றாள்.