நல்லா இழுக்கும் வண்டி

போன வருஷம் நவம்பர் முதல் சனிக்கிழமை, ஷார்ஜா ரோலாவில் நடந்தது இது. படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் பழைய மோட்டார்ஹோம் ஒன்றை அந்தக் கோடையில்தான் வாங்கியிருந்தேன். குளிர் மாதங்களில் குடும்பத்தோடு மலைப்பக்கம் போய்த் தங்க வேண்டும் என்று ஆசை. ஆனால் மகளுக்கு ஆஸ்துமா. போன இடத்தில் மூச்சுத் திணறல் வந்தால், அந்தப் பெரிய வண்டியைக் கிளப்பித் திருப்பி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். அதனால் பின்னால் ஒரு சின்னக் காரைக் கட்டி இழுத்துப் போவது என்று முடிவு செய்தோம். புகை குறைவு என்பதால் ஹைபிரிட் கார்தான் வேண்டும் என்றாள் மனைவி.

விளம்பரம் பார்த்துப் போன் செய்தேன். விற்பவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஏதோ அலுவலகத்தில் வேலை. “வண்டி இழுக்க ஒத்துக்குமா?” என்று கேட்டேன்.

“ஓம் அண்ணை, மலையெண்டாலும் நல்லா இழுக்கும்” என்றார்.

பழைய கார் விற்பவர்கள் மேல் எனக்கு என்றுமே நம்பிக்கை கிடையாது. மழை வெள்ளத்தில் மூழ்கிய கார்களைக் கழுவித் துடைத்துத் தள்ளிவிடுகிறார்கள் என்று வேறு கேள்விப்பட்டிருந்தேன். மனைவியோடு நேரில் போனதும் கதவு இடுக்கு, டிக்கி என்று துருவினேன். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்துகூடப் பார்த்தேன்.

“என்ன அண்ணை, மோப்பம் பிடிக்கிறியள்?” என்று சிரித்தார்.

பேச்சுவாக்கில் மனைவி, காரை மோட்டார்ஹோமுக்குப் பின்னால் கட்டப் போகிறோம் என்றாள். அவர் முகம் மாறிவிட்டது. ஓட்டிப் பார்க்க என்னிடம் தந்திருந்த சாவியை வாங்கிக்கொண்டு, தர முடியாது என்றார். வேறு ஆள் கிடைத்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன். போனில் ஒரு பேச்சு, நேரில் ஒரு பேச்சா என்று கேட்டேவிட்டேன்.

“இழுக்குமெண்டுதான் அண்ணை சொன்னனான். இதை இழுக்கலாமெண்டு நான் சொல்லேல்லையே.”

ஏற்றத்தில் இழுவை எப்படி என்று நான் கேட்டதாக அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். நாலு சக்கரமும் தரையில் உருள இழுத்தால், நியூட்ரலில் போட்டாலும் உள்ளே இருக்கும் மின்மோட்டாரும் சேர்ந்து சுற்றிக் கருகிவிடுமாம். வழியில் நின்றுபோன, தன் நண்பரின் இதே மாதிரிக் காரைக் கயிறு கட்டி இழுத்து அப்படித்தான் ஆனதாம். அதையும் நான் நம்பவில்லை. அவர் முன்னாலேயே அந்தக் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். இந்த மாடலை அப்படி இழுக்கவே கூடாது என்றார்கள். வாங்கிக் கட்டி இழுத்துப் போயிருந்தால், மலைமேல் மகளுக்கு மூச்சு முட்டும் நேரத்தில், அவளுக்காக வாங்கிய கார் கிளம்பியே இருக்காது.

அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். அவர் என் மனைவியிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, தினமும் ஓட்டுகிறேன் என்றாள்.

“அப்ப அக்காவே ஓட்டிக்கொண்டு வரலாம்தானே? பிறகேன் கட்டி இழுக்கிறியள்?”

வீடியோக்களில் எல்லோரும் கட்டி இழுப்பதையே பார்த்துப் பார்த்து, எங்களுக்கு அது தோன்றவே இல்லை. அந்தக் காரையே வாங்கினோம். டிசம்பரில் மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு கண்ணாடியைப் பார்த்தேன். மனைவியும் மகளும் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். கார் நன்றாகவே இழுத்தது.

தரை விரிப்பை முகர்ந்து பார்க்கும் பழக்கத்தை நான் இன்னும் விடவில்லை. ஆனால் ஒருவர் பேச்சை மாற்றுகிறார் என்று தோன்றும்போது, நான் கேட்டது என்ன, அவர் காதில் விழுந்தது என்ன என்று ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் வாயைத் திறக்கிறேன்.