புளி போட்டுத் தேய்த்த ரிவால்வர்

நேற்று ஆயுத பூஜை. செவிலிமேட்டு வீட்டின் பின்கட்டில் மருமகள் பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை வந்ததும் எழுந்து தெருவுக்குப் போய்விட்டேன். "வேலை வச்சிடுவேனோன்னு மாமாவுக்கு பயம்" என்று அவள் சிரித்தாள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

அந்த நாட்களில் என் விரல்களில் திராவக நெடிதான் இருக்கும். சரிகையை உரைகல்லில் இழுத்து, ஒரு சொட்டுத் திராவகம் வைத்து, வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று சொல்வது என் தொழில். வேதியியல் படித்தவன் என்ற மிதப்பு வேறு. என் சொல்லுக்கு ஊரில் மறுபேச்சு கிடையாது. இருந்தாலும் என் காதில் விழாது.

ஒருநாள் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தது. திருமுக்கூடல் பக்கம் ஒரு பண்ணையில் காவலாளியைச் சுட்டுக் கொன்றுவிட்டு, பண்ணைக்காரரின் ரிவால்வரை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். உரிமத்தில் 'நிக்கல் பூச்சு' என்றிருந்தது. நெசவாளி ஏகாம்பரம் வீட்டில் அதே மாதிரி ஒன்று, வெள்ளையாகப் பளபளத்தது, அகப்பட்டிருந்தது. எண் தேய்ந்து மறைந்திருந்தது.

நிலையத்தில் அதை என்னிடம் நீட்டி, "பொடவை இல்ல சார், கறையாகாது, பயப்படாம தொடுங்க. நிக்கல்தானா?" என்றார் ஆய்வாளர்.

திருப்பிப் பார்த்தேன். "நிக்கல்" என்றேன்.

பக்கத்தில் நின்ற ஏகாம்பரம் பதறினான். "இல்லீங்க ஐயா! எங்கப்பா பட்டாளத்துலேர்ந்து கொணாந்தது. அப்ப கறுநீலமா இருந்துதாம். வருசா வருசம் ஆயுத பூஜைக்கு எங்கம்மாவும் அப்பறம் என் சம்சாரமும் தறி சாமானோட சேத்து புளி போட்டுத் தேச்சித் தேச்சி வெள்ளையாயிடுச்சுங்க. ஒரு சொட்டு திராவகம் வச்சுப் பாருங்க, இரும்புன்னா பழுப்பா பொங்குமில்ல?"

திராவகப் புட்டி இரண்டு தெரு தள்ளிக் கடையில் இருந்தது. "கண்ணே போதும்பா" என்றேன்.

திருப்பிக் கொடுக்கும்போதுதான் பார்த்தேன். விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தின் இடுக்கில், புளி எட்டாத இடத்தில், மயிரிழை அளவுக்கு அவன் சொன்ன அதே கறுநீலம். நிக்கல் பூசியதாக இருந்தால் அந்த நிறம் அங்கே இருக்க வேலையே இல்லை. பத்துப் பேர் எதிரே சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது? ரிவால்வரை மேசைமேல் வைத்தேன். நீதிமன்றத்திலும் நிக்கல் என்றேன்.

ஏகாம்பரம் மூன்றாம் வருடம் சிறையிலேயே காய்ச்சலில் இறந்தான். அடுத்த கோடையில் பண்ணைக் கிணற்றைத் தூர்வாரியபோது இன்னொரு ரிவால்வர் கிடைத்தது. பூச்சு பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. நிக்கல் அப்படித்தான் உரியும்.

அவன் மனைவி குப்பம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று போனேன். நான் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்: "உங்கமேல அவருக்கு வருத்தமே இல்லீங்க. 'அவுரு சொன்னா தப்பா இருக்காது, அது பட்டாளத்து துப்பாக்கியே இல்ல, எங்கப்பாதான் எங்கியோ திருடிக்கினு வந்து பொய் சொல்லிட்டாரு'ன்னு கடைசிவரைக்கும் அழுதுக்கினு இருந்தாரு."

"தப்பா சொல்லிட்டேம்மா" என்றேன். தெரிந்தே சொன்னேன் என்று சொல்லவில்லை. அவள் எனக்கு மோர் கொடுத்தாள். குடித்தேன்.

இப்போது அந்த வீடு இல்லை. தறிக்குழியைத் தூர்த்து, பட்டுக்கடைக்கு வரும் கார்கள் நிற்கச் சிமெண்டு போட்டிருக்கிறார்கள். குப்பம்மாள் எந்த ஊருக்குப் போனாள், இருக்கிறாளா என்று சொல்ல அந்தத் தெருவில் பழைய ஆள் ஒருவரும் இல்லை. விசாரித்துவிட்டேன்.