டவலா, பிஸ்கட்டா?

மரவேலையில் பலகையை அறுப்பது சுலபம். எதைப் போட்டு ஒட்டுவது என்று இரண்டு பேர் ஒத்துப்போவதுதான் கஷ்டம். திண்டிவனத்தில் சித்தப்பாவுக்கு ஃபர்னிச்சர் பட்டறை. விழுப்புரத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கும் நான் சனிக்கிழமைகளில் அங்கே ஆர்டர் எடுப்பவள். சொந்தக்காரர் கடையில் வேலை பார்த்து மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு என் வேதனை புரியும்.

இலவசம் அல்ல

இரண்டு மரத்துண்டுகளைச் சேர்க்க உள்ளே ஒளித்துவைக்கும் உருளைக் குச்சிக்கு எங்கள் பட்டறையில் 'டவல்' என்று பெயர். காடி வெட்டி அதற்குள் செருகும் தட்டையான மரச் சில்லுக்கு 'பிஸ்கட்'. கோட்டக்குப்பத்திலிருந்து சாப்பாட்டு மேசைக்கு ஆர்டர் கொடுக்க வந்த நசீர் பாயிடம், "டவல் போடவா, பிஸ்கட் போடவா?" என்று மிகப் பொறுப்பாகக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"டவலே குடும்மா. எனக்கு சுகரு."

பாகப்பிரிவினை

பிஸ்கட் காடி வெட்டும் மெஷினை வாங்கவைத்ததே நான். அதனால் மேசை முழுக்கப் பிஸ்கட்தான் என்றேன். தச்சர் ஏழுமலை அண்ணன் ஒப்பவில்லை. "பலகையோட பலகை சமமா சேர பிஸ்கட்டு சரி பாப்பா. காலப் புடிச்சிக்கினு இழுப்பாங்களே, அதுக்கு ஆழமா எறங்குன டவல் வேணும்." நான் விடுவேனா? பிளைவுட்டில் விசைப் படம் வரைந்து விளக்கினேன். அவர் அதன் மேலேயே டீ கிளாசை வைத்தார். மூன்றாவது வாரமும் சண்டை ஓயாமல் போகவே சித்தப்பா தீர்ப்புச் சொன்னார்.

"காலு ஏழுமலைக்கு, பலகை உனக்கு. மேசை மட்டும் திரும்பி வந்துச்சு, மெஷின வித்துடுவேன், நீயும் காலேஜோட நின்னுக்கோ!"

கால் விவகாரம்

மேசை டெம்போவில் போன அன்று மதியமே நசீர் பாய் போன் செய்தார். "டேபிள் கால்ல பெரிய பேஜாரும்மா!" கால் ஏழுமலை அண்ணனுடையது என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டதை மறைக்கமாட்டேன். அடுத்த நொடி மெஷின் ஞாபகம் வந்தது. "உடைஞ்சிடுச்சா பாய்?"

உடையவில்லையாம். வாசலுக்குள் மேசை நுழையவில்லை. காலைக் கழற்றிக்கொண்டு போகலாமென்று இரண்டு பேர் பலகையைப் பிடிக்க, இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். கால் அசையவில்லை, பலகை இணைப்பு மயிரிழைகூட விடவில்லை. இது புகாரா, பாராட்டுப் பத்திரமா?

"கடைசில கதவக் கழட்டித்தான் உள்ள கொண்டாந்தோம். இன்னாத்தப் போட்டும்மா ஒட்டுனீங்க?"

எதைப் போட்டு ஒட்டுவதென்று மூன்று வாரம் தொண்டை கிழியக் கத்திய எங்களில் ஒருத்தருக்கும், மேசை போகிற வீட்டு வாசலின் அகலத்தைக் கேட்கத் தோன்றவில்லை.