இருபத்திரண்டு — எங்கிருந்து எண்ணி?

அண்மையில் என் போன் என்னிடம் பொய் சொன்னது.

மனிதர்கள் பொய் சொன்னால் நான் பிடித்துவிடுவேன். முகத்தைப் பார்த்தே சொல்வேன் — இந்தத் தராசில் விரல் இருக்கிறது, இந்த மீன் நேற்றைய மீன், இந்த டொக்டர் ரிப்போர்ட்டைப் படிக்காமலே தலையாட்டுகிறார் என்று. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன் நான். பாலாவிச் சந்தியில் லொறிக்கு மூட்டை ஏற்றியவன். இன்று களப்போரத்தில் என் பெயரில் இறால் பண்ணை இருக்கிறது. எப்படி? ஒருவரையும் நம்பாமல்தான்! வாராவாரம் இதைப் படிக்கிற உங்களுக்கு இது புதிதா என்ன...

ஆனால் போனுக்கு முகம் இல்லையே?

விஷயம் இதுதான். குளத்தில் வளரும் இறாலுக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். அதற்காகத் தண்ணீரை அடித்துக் கலக்கும் சக்கரம் ஒன்று டீசல் என்ஜினில் சுற்றிக்கொண்டே இருக்கும். அது நின்று, ஒருவரும் கவனிக்காமல் விட்டால் — குளம் முழுவதும் போய்விடும். ஒரு முறை பக்கத்துப் பண்ணையில் பார்த்திருக்கிறேன். அந்த நாற்றம் மூக்கில் ஏறினால் இலேசில் இறங்காது.

இதற்காகத்தான் என் தங்கச்சி மகள் ஷிபானா ஒரு பெட்டி செய்து தந்தாள். கொம்பியூட்டர் படித்தவள். கணவனோடு சேர்ந்து புத்தளத்தில் சின்னதாக ஒரு கடை வைத்துப் பண்ணைகளுக்கும் ஐஸ் ஆலைகளுக்கும் இப்படிப் பெட்டிகள் செய்து கொடுக்கிறார்கள். முதலில் அவள் கணவன் வந்து, இறால் தீனி வைக்கும் ஸ்டோர் கதவுக்கு ஒரு வயர் போட்டான். கதவு திறந்தால் என் போனுக்கு மெசேஜ் வரும். கதவுக்கு எதற்கு என்கிறீர்களா? தீனி மூட்டைக்குக் கால் முளைத்து நான் பார்த்திருக்கிறேன்!

பிறகு ஷிபானா வந்து சக்கரத்துக்கும் ஒரு வயர் இழுத்தாள். இனிச் சக்கரம் நின்றாலும் மெசேஜ் வரும் என்றாள்.

வந்தது. "சக்கரம் நின்றுவிட்டது."

தேநீரில் தோய்த்த பாண் கையோடு இருக்க, மோட்டார் சைக்கிளை உதைத்தேன். பாலாவிச் சந்தியில் சீமெந்து லொறிகள் வரிசையாக வழி மறித்தன. எல்லோரையும் ஏசிக்கொண்டே போய்ச் சேர்ந்தால்... சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கரையில் தீனித் தட்டோடு சூசை நிற்கிறான். பண்ணைக் காவல் அவன்தான்.

"எப்ப நிப்பாட்டினாய்?"

"எத, முதலாளி?"

"சக்கரத்த!"

"அது நிக்கவே இல்லையே."

"அப்ப எனக்கு எப்பிடி மெசேஜ் வந்திச்சு?"

"அத அனுப்பினவங்களட்டக் கேளுங்க. எனக்குத் தமிழே எழுத வராது."

இது ஒரு முறை அல்ல. திரும்பத் திரும்ப. மெசேஜ் வரும், நான் பறந்து போவேன், சக்கரம் ஒன்றும் அறியாத பிள்ளை போலச் சுற்றிக்கொண்டிருக்கும்.

எனக்கா விளங்காது? இவன் என்ஜினை நிறுத்துகிறான். மிச்சம் பிடிக்கும் டீசலை விற்கிறான். என் மோட்டார் சைக்கிள் சத்தம் வளைவில் கேட்டதும் ஓடிப்போய் ஸ்டார்ட் பண்ணிவிடுகிறான். என் சைலன்ஸர் ஊரறிந்த சைலன்ஸர்.

அதோடு இன்னொன்றும் கவனித்தேன். முன்பெல்லாம் ஸ்டோர் கதவு திறந்தால் மெசேஜ் வருமே — அது அடியோடு நின்றிருந்தது. தீனி எடுக்கக் கதவைத் திறக்காமல் இருக்க முடியுமா? அப்படியானால் கதவு வயருக்கும் ஏதோ தந்திரம் பழகிவிட்டான்!

"இந்த மாசத்தோட வேற இடம் பாத்துக்கொள்," என்றேன்.

சூசை தட்டைக் கீழே வைத்தான்.

"தலவில் கோயில் அன்னம்மாவாண, நான் சக்கரத்துல கை வைக்கல்ல. மகளுக்குக் கலியாணம் பேசி வச்சிருக்கன், முதலாளி. கள்ளனெண்டு பேரெடுத்துக்கொண்டு எந்த முகத்தோட மாப்பிள்ளை வீட்டுக்குப் போற?"

முகத்தைப் பார்த்தேன். பொய் தெரியவில்லை. அது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது — பொய் தெரியாத முகம் என்றால் எவ்வளவு பழகிய முகம்!

ஆனாலும் நான் கண்ணால் பார்க்காமல் ஒருவனையும் அனுப்பியவன் அல்ல. அடுத்த நாள் காலை மோட்டார் சைக்கிளைத் தெருவோரக் கடையில் விட்டுவிட்டு, கண்டல் மரங்களுக்குள் புகுந்து, சேற்றில் குந்தியிருந்தேன். நுளம்புக் கடி முழுவதும் எனக்குச் சொந்தம். இந்த வயதில் இது எனக்குத் தேவையா? தேவைதான்.

சூசை ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தான். ஸ்டோர் கதவைத் திறந்தான்.

என் இடுப்பில் போன் நடுங்கியது. "சக்கரம் நின்றுவிட்டது."

கண்ணெதிரே சக்கரம் நுரை தெறிக்கச் சுற்றுகிறது!

கண்டலுக்குள்ளிருந்து எழும்பினேன். சூசை தீனிச் சட்டியைப் போட்டுவிட்டான்.

"அம்மாடி! முதலாளியா? பேயெண்டு நெனச்சன்!"

"கதவப் பூட்டு. இப்பத் திற."

திறந்தான். மெசேஜ். பூட்டித் திறந்தான். திரும்பவும் மெசேஜ். சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. போனை அவனுக்குக் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

சூசை போனைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், என் சேற்றுக் காலைப் பார்த்தான். "அப்ப கள்ளன் பெட்டிக்குள்ள இருக்கான், முதலாளி."

என் சந்தேகம் அந்த நிமிஷமே வீடு மாறியது. ஷிபானாவுக்குப் போன் அடித்தேன். லெப்டொப்போடு ஓட்டோவில் வந்து இறங்கினாள். இந்தப் படித்த பிள்ளைகள் என்ன செய்வார்கள் தெரியுமா? ஏதோ தட்டுவார்கள், 'இப்ப சரி' என்பார்கள், போய்விடுவார்கள். என்ன பிழை என்பது நமக்கு மௌத்து வரைக்கும் தெரியாது. ஆகவே ஒரு கதிரையை இழுத்து அவள் பக்கத்திலேயே போட்டேன்.

"எனக்கு விளங்குற மாதிரிச் செல்லு, மகள். விளங்காட்டி பெட்டியக் கழட்டிக் களப்புல போட்டிருவன்."

"செல்றன் மாமா. உள்ளுக்கு ஒரு சிப் இருக்கு. அது தன்ட வேலையச் செஞ்சிட்டே இருக்கும். ஏதாச்சும் வயர்ல ஒண்டு நடந்தா, வேலைய அந்த இடத்துலயே விட்டுட்டுத் திரும்பிப் பாக்கும். அந்தக் கூப்பாட்டுக்குத்தான் இன்டரப்ட் எண்டு பேரு. ஒவ்வொரு வயருக்கும் ஒரு நம்பர். கேர்னல் எண்டு ஒரு தலைமைப் புரோகிராம் இருக்கு. எந்த நம்பர் கூப்பிடுதோ, அதுக்குரிய வேலைய அது செய்ய வைக்கும்."

சொல்லிக்கொண்டே திரையை உருட்டியவளின் விரல் நின்றது.

"அல்லாஹ்வே..."

"என்ன மறைக்கிறாய்?"

"மறைக்கல்ல மாமா. என்ட பிழை. சிப் செஞ்சவங்கட புத்தகத்துல சக்கர வயருக்கு நம்பர் இருவத்திரெண்டு. நான் அதை அப்பிடியே கேர்னலுக்குக் குடுத்திட்டன். ஆனா கேர்னல்ட இருவத்திரெண்டு வேற."

"ஒரே வயருக்கு ரெண்டு நம்பரா?" இரண்டு கணக்கு வைத்திருக்கும் ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஓம் மாமா. கேர்னல் மொதல் பதினாறு நம்பரையும் சிப்புட சொந்த விஷயத்துக்கு ஒதுக்கி வச்சிருக்கு. புதுசா ஸ்டார்ட் ஆகிறது, உள்ளுக்குள்ள ஏதும் கோளாறு வாறது, உள் மணிக்கூடு அடிக்கிறது... அதுகளும் கூப்பாடுதானே? அதுக்குப் பொறகுதான் வெளி வயர். புத்தகக்காரங்க வெளி வயர மட்டும் பூச்சியத்துல இருந்து எண்ணியிருக்காங்க."

பூச்சியத்திலிருந்து எண்ணுகிறவர்களை நான் எப்படி நம்புவது? அது வேறு கதை. ஆனால் இந்த இரண்டு எண்ணிக்கை... எனக்குச் சட்டென்று என் மகளின் கல்யாணச் சாப்பாடு ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கத்து விருந்து உங்களுக்குத் தெரியும்தானே? சஹன் என்ற பெரிய தட்டில் சோறும் கறியும் வைத்து, சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். வீட்டு ஹோலுக்குள் மாப்பிள்ளை ஆட்களுக்கும் பள்ளிவாசல் பெரியவர்களுக்கும் சஹன்கள். மற்ற விருந்தாளிகளுக்கு வெளியே பந்தலில். உடப்பிலிருந்து வந்த என் நண்பர்கள் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள். பந்தலில் எண்ணிப் பார்த்தேன் — ஒன்பதாவது சஹன். சமையல் பக்கம் பார்த்துக் கத்தினேன்: "ஒம்பதாம் சஹனுக்கு மாடு வேணாம், கோழி மட்டும்!"

சமையற்காரன் ஹோலிலிருந்து எண்ணுகிறவன். அவனுடைய ஒன்பது, பள்ளிவாசல் பெரியவர்களின் சஹன்! அவர்களுக்கு வெறும் கோழி போனது. உடப்பு நண்பர்களுக்கு மாடு வந்தது. நல்ல வேளை, கை வைக்கும் முன் கேட்டுவிட்டார்கள். அந்தப் பெரியவர்களில் ஒருவர் இன்றுவரை என் ஸலாமுக்கு அரை வாயால்தான் பதில் சொல்கிறார்.

இதை ஷிபானாவிடம் சொன்னேன். "அப்ப உன்ட கேர்னல்தான் சமையற்காரன். ஹோல்ல இருந்து எண்ணுறான். புத்தகக்காரன் பந்தல்ல இருந்து எண்ணுறான். அப்பிடித்தானே?"

அவள் சிரித்துவிட்டாள். "அதேதான் மாமா! பந்தல்ல இருவத்திரெண்டு எண்டா, ஹோல்ல இருந்து எண்ணினா பதினாறு கூடி முப்பத்தெட்டு."

"அப்ப ஹோல்ல இருந்து எண்ணின இருவத்திரெண்டு?"

"பந்தல்ல ஆறு."

"ஆறாம் வயர் எது?"

சிரிப்பு நின்றது. "ஸ்டோர் கதவு."

அவள் கணவன் கதவு வயரைச் சரியாக ஹோலிலிருந்து எண்ணி, கேர்னலின் இருபத்திரண்டில் எழுதியிருக்கிறான். இவள் பிறகு வந்து சக்கரத்தைப் பந்தலிலிருந்து எண்ணி, அதே இருபத்திரண்டின் மேல் உட்கார வைத்துவிட்டாள். கதவு மெசேஜ் அழிந்தது. கதவு திறந்தால் சக்கர மெசேஜ் வந்தது. சூசையின் தந்திரம் என்று நான் நினைத்த இரண்டும் ஒரே பிழை.

வேறொருவராக இருந்தால் இத்தோடு எழும்பியிருப்பார். நான் எழும்பவில்லை. சந்தேகம் என்பது பாதியில் நிறுத்துகிற வேலை அல்ல.

"சரி மகள். கதவு திறந்தா சக்கரம் எண்டு கத்துது. சக்கரமே மெய்யா நிண்டா என்ன கத்தும்?"

ஷிபானா திரையைத் திரும்ப மேலே உருட்டினாள்.

"செல்லு."

"முப்பத்தெட்டுக்கு நான் ஒண்டும் வைக்கல்ல மாமா. அந்த வயர் கூப்பிட்டாலும் கேர்னல் காது குடுக்காது."

"சூசை! என்ஜின நிப்பாட்டு."

"நானா? பொறகு என்னக் கள்ளன் எண்டு செல்லவா?"

"நிப்பாட்டடா!"

நிறுத்தினான். சக்கரம் இரண்டு சுற்று இழுத்து நின்றது. குளத்தின் மேல் நுரை மெல்ல உடைந்தது. மூன்று பேரும் என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சத்தம் இல்லை. ஒரு நடுக்கம் இல்லை.

"போதும் முதலாளி, எறாலுக்கு மூச்சு முட்டும்!" என்று சூசை கத்தினான். நான் வாய் திறக்கும் முன் ஓடிப்போய் என்ஜினை ஸ்டார்ட் பண்ணினான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சக்கரம் நின்றால் சத்தம் போட இந்தப் பண்ணையில் இருந்தது ஒரே ஓர் ஆள். அவனைத்தான் நான் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தேன். பொய் சொன்ன போனை இடுப்பில் கட்டிக்கொண்டு!

ஷிபானா திருத்தினாள். இந்த முறை நம்பரே எழுதவில்லையாம். கேர்னல் அந்த வயருக்கு வைத்திருக்கும் பெயரை எழுதியிருக்கிறாளாம். எங்கிருந்து எண்ணுவது என்பது இனி அதன் பாடு. திரும்பவும் என்ஜினை நிறுத்தச் சொன்னேன். "சக்கரம் நின்றுவிட்டது." கதவைத் திறக்கச் சொன்னேன். "கதவு திறந்தது." இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வைத்தேன், காத்து நின்ற ஓட்டோக்காரனின் முகத்தை ஷிபானா பார்க்கும்வரை.

அவள் போனதும் சூசை கேட்டான். "அப்ப நான் வேற இடம் பாக்கவா, முதலாளி?"

"ஸ்டோர்ச் சாவிய யாரிட்டக் குடுத்திட்டுப் போகப் போறாய்? போய்த் தீனியப் போடு."

இதைவிட நீளமான மன்னிப்பு எனக்கு வராது. அவனுக்கும் அது தெரியும். "அப்ப மகள்ட கலியாணத்துக்கு வாங்க," என்றான். "எங்கட பக்கம் கதிரை மேசைதான். எண்ணிக் கொளம்பத் தேவையில்ல."

நம்பர் பொய் சொல்லாது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். எங்கிருந்து எண்ணியது என்பதை மட்டும் அது தானாகச் சொல்லாது. நாம்தான் கேட்க வேண்டும். என்னிடம் யார் எந்த நம்பரைச் சொன்னாலும் நான் இப்போது அதைத்தான் முதலில் கேட்கிறேன்.

பெட்டியை நம்பிவிட்டேனா? நானா! ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு பண்ணைக்குப் போகிறேன். சத்தமில்லாமல் என்ஜினை நிறுத்திவிட்டு, போன் கத்துகிறதா என்று பார்க்கிறேன். போன வெள்ளி, கத்தியது போன் மட்டும் அல்ல. சூசையும் கரையிலிருந்து சிரித்துக்கொண்டே கத்தினான்:

"இப்பப் பிடிபட்டாச்சு, முதலாளி — சக்கரத்த நிப்பாட்டுற கள்ளன் நீங்கதான்!"